நாற்பத்தேழாம் பொருளுக்கு நானும் மேசை தட்டினேன்

தெய்வானை அக்காவுக்குப் போனில் மெதுவாகப் பேச வராது. அன்று காலை அவர் பேசியது, காதுக்கு அரை அடி தள்ளி வைத்திருந்தும், சமையலறையில் இருந்த என் மாமியாருக்குக் கேட்டது.

"கலை, நம்ம இடத்துல எவனோ சுண்ணாம்புக் கோடு போட்டுகினு இருக்கான். நீ இன்னா பண்ற வூட்ல?"

என் மகள் யாழினிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதி இட்லி அவள் கன்னத்தில் ஒதுங்கியிருந்தது. அவளை அத்தையின் இடுப்பில் மாற்றிவிட்டு ஓடினேன். தெருமுனை போன பிறகுதான் பார்த்தேன், ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் அத்தையுடையது. திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வரலாமா என்று அங்கேயே நின்று யோசித்தேன். நகர்மன்ற உறுப்பினராகி இரண்டு வருடம் கழித்தும் நான் இப்படித்தான் இருந்தேன்.

நம்ம இடம் என்று அக்கா சொன்னது, கிரிவலப் பாதையிலிருந்து எங்கள் தெரு பிரிகிற மூலையில் இருக்கும் நகராட்சிப் புறம்போக்கு. ஒரு புங்கமரம், ஒரு உடைந்த சிமெண்ட் தொட்டி, மீதி வெறும் தரை. அங்கன்வாடி கட்டுவதற்காக அந்த இடத்தை நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். நான் போய்ச் சேர்ந்தபோது தரையில் நீளமாக வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. இரண்டு பேர் டேப் பிடிக்க, ஓவர்சியர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். மரத்தடியில் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் எனக்காகக் காத்திருந்தார்கள்.

அவர்களைப் பார்த்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது.

"யாரைக் கேட்டு அளக்கறீங்க? இது அங்கன்வாடிக்குக் கேட்டிருக்கற இடம்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

ஓவர்சியர் என்னையும், எனக்குப் பின்னால் நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"மேடம், நீங்களே இப்படிக் கேட்டா எப்படிங்க? போன கூட்டத்துல பாஸ் ஆயிடுச்சே. பௌர்ணமிக்கு வர்ற வண்டிங்க நிறுத்த பார்க்கிங். நாற்பத்தேழாம் பொருள். ஒருமனதா."

ஒருமனதாக என்றால் கூட்டத்தில் இருந்த எல்லோரும் சம்மதித்தார்கள் என்று அர்த்தம். நான் கூட்டத்தில் இருந்தேன். அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். வருகைப் பட்டியலில் என் கையெழுத்து இருந்தது.

தெய்வானை அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "அவன் சொல்றது நெசமா?"

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, நிஜம்தான் என்று. ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது வேறு. "இருங்கக்கா. பார்த்துட்டு சொல்றேன்."

அக்கா என் கால்களைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"பார்த்துட்டே சொல்லுங்க, கவுன்சிலர் மேடம்."

அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வாரம் ஒருத்தி

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர், "இவ்வளவு தயங்குகிற நீங்கள் எப்படித் தேர்தலில் நின்றீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. நான் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டேன். அதற்குக் காரணமும் அந்த இடம்தான்.

எங்கள் அங்கன்வாடி ஒரு வாடகை அறையில் நடக்கிறது. மேலே சிமெண்ட் ஷீட். ஒரு மூலையில் அடுப்பு. அந்த அடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு மர பெஞ்சைக் குறுக்கே போட்டு வைத்திருக்கிறார் டீச்சர், பிள்ளைகள் தாண்டிப் போகாமல் இருக்க. வாசலில் மூடாத சாக்கடை. சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் போனால், வெந்த முட்டையும் வியர்வையும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடிக்கும். பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்திருப்பார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தெருவில் மனு எழுதத் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் எழுதினேன். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. பதில் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை என்ன செய்வது என்று யோசித்தபோது, தெய்வானை அக்கா ஒரு வழி சொன்னார். அவர் சன்னதித் தெருப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிற வேலையில் இருக்கிறார்.

"எல்லாரும் ஒரே நாள்ல போனா, கூட்டம்னு ஒரு நாள் பாப்பாங்க, மறுநாள் மறந்துடுவாங்க. வாரம் ஒருத்தி போலாம். அதே மனு, வேற மூஞ்சி. எத்தினி மூஞ்சியத்தான் மறப்பாங்க?"

அப்படியே செய்தோம். ஒருத்திக்கு ஒரு நாள் கூலிதான் போகும். மற்றவர்கள் அவள் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள், தண்ணீர் பிடித்து வைப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு திங்கட்கிழமை கூடத் தவறவில்லை. ஒவ்வொரு மனுவையும் நான் என் கையால் எழுதினேன். அந்த இடத்தின் சர்வே எண் எனக்கு என் போன் நம்பரைவிட நன்றாகத் தெரியும்.

ஒருநாள் அதிகாரி ஒருவர் சலித்துப்போய், "இது நகராட்சி இடம்மா. மன்றம் தீர்மானம் போட்டாதான் எங்களால ஏதாவது பண்ண முடியும். உங்க வார்டு கவுன்சிலரைக் கேளுங்க" என்றார்.

எங்களுக்கு அப்போது கவுன்சிலர் இல்லை. தேர்தல் நடக்காத வருடங்கள். தேர்தல் வந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. "படிச்சவ நீதான், நில்லு" என்றார்கள். நான் ஐந்து மாதக் கர்ப்பம். முடியாது என்று சொல்ல மூன்று தடவை தெய்வானை அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். சுயேச்சையாக நின்று, பெரிய வித்தியாசம் இல்லாமல் ஜெயித்தேன்.

ஜெயித்த மறுநாள் என் வீட்டுக்காரருக்கு மாலை போட்டார்கள். அவர் எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து இறங்கி வந்தவர் கழுத்தில் சாமந்தி மாலையோடு என்னைப் பார்த்து முழித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் ஊரில் பெண் உறுப்பினரின் கணவரைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிடுவது வழக்கம். இவர் மட்டும், "நான் ஒயரிங் வேலைங்க. கவுன்சிலர் உள்ள குழந்தையத் தூங்க வச்சிகினு இருக்காங்க, கூப்பிடறேன்" என்பார். அதற்காகவே சிலர் அவரைக் கிண்டல் செய்தார்கள்.

ஆல் பாஸ்

இப்போது அந்தக் கூட்ட நாளைச் சொல்ல வேண்டும். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். விட்டால் மீதி எதையும் எழுத எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

மன்றக் கூட்டத்தில் எடுக்கப்படும் ஒவ்வொரு விஷயத்துக்கும் 'பொருள்' என்று பெயர். எங்களுக்கு அந்தப் பொருள்களின் பட்டியல் முந்தின நாள் மாலை ஒரு பழுப்பு உறையில் வரும். நாற்பது, ஐம்பது இருக்கும். கூட்டத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. "பொருள் எண் ஒன்று முதல் நாற்பத்தொன்பது வரை மன்றத்தின் முன் வைக்கப்படுகிறது" என்பார்கள். யாராவது "ஆல் பாஸ்" என்பார். எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். முடிந்தது. பிறகு அவரவர் வார்டுக் குறைகளைப் பேசுவோம். எல்லா ஊரிலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. நான் போனபோது இப்படித்தான் இருந்தது. இது சரியா என்று நானும் கேட்கவில்லை.

நான் செய்துகொண்டிருந்தது ஒன்றுதான். உறை வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாப் பொருளையும் படித்துவிடுவேன்.

அந்தத் தடவை உறை வந்த மாலையில் யாழினிக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டபடி ஒரு கையால் படித்தேன். முப்பதாவது பொருளில் அவள் வாந்தி எடுத்தாள். தாள்களை மூடி வைத்தேன்.

மறுநாள் காலை கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் தெரு சாக்கடைக்கு மூடி போடுவது பற்றிப் பேச எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். போனேன். மேசைக்குக் கீழே மடியில் போனை வைத்திருந்தேன். அத்தை கால் மணிக்கு ஒருதரம் செய்தி அனுப்பினார். "நூத்தி ஒண்ணு." "கஞ்சி குடிக்கல." "நூத்தி ரெண்டு."

அந்த நூற்றிரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஆல் பாஸ் என்று குரல் வந்தது. இடது கையில் போன். வலது கை மேசையைத் தட்டியது.

எந்த எண்ணை ஐம்பது அறுபது மனுக்களில் என் கையால் எழுதினேனோ, அந்த சர்வே எண் நாற்பத்தேழாம் பொருளில் முதல் வரியிலேயே இருந்தது.

குழாயடியில்

அன்று பகல் முழுவதும் எனக்குள் பல வாசகங்கள் ஓடின. 'எனக்குத் தெரியாமல் சேர்த்துவிட்டார்கள்.' 'கடைசி நேரத்தில் நுழைத்தார்கள்.' எல்லாம் நம்பும்படியாகவே இருந்தன. எதுவும் உண்மை இல்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை. உறையில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நான் படிக்கவில்லை.

"காய்ச்சல்னு சொல்லேன். அது பொய்யில்லையே" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதைச் சொன்னா பிள்ளை மேல பழி போட்ட மாதிரி ஆயிடும்."

"அப்ப நீயே போய் அடி வாங்கிக்கறியா?"

"வாங்கித்தான் ஆவணும்."

எங்கள் தெருவில் நாலரைக்கே மலை நிழல் விழுந்துவிடும். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அங்கே போனால் எல்லோரும் இருப்பார்கள். குடங்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். நான்தான் மேசை தட்டினேன், படிக்காமல் தட்டினேன், வேறு யார் மேலும் தப்பு இல்லை என்று.

ஒருத்தி குழாயை மூட மறந்தாள். தண்ணீர் வழிந்து காலடியில் ஓடியது.

"நாங்க ஆபீஸ் ஆபீஸா நாய் மாதிரி அலைஞ்சோம்" என்றார் தெய்வானை அக்கா. இப்போது அவர் கத்தவில்லை. "உன்னை உள்ள அனுப்பனா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சோம். நீ போய் அவங்களோட சேந்து தட்டிட்டு வந்திருக்க. அத்தினி பேர் தட்டுன சத்தம் எங்களுக்கு இங்க கேக்கலியேடி."

"நான் மாத்தறேன்கா."

"எப்பிடி மாத்துவ?"

"தெரியல. ஆனா மாத்தறேன்."

"அப்ப மாத்திட்டு வந்து பேசு." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். இன்னொன்றும் அப்போது குடைந்தது. யாழினி அடுத்த வருடம் அந்த அங்கன்வாடிக்குப் போவாள். நான் இந்த இடத்துக்காக இவ்வளவு துடிப்பது ஊர்ப் பிள்ளைகளுக்காகவா, என் பிள்ளைக்காகவா? பதில் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் செய்ய வேண்டியது அதேதான் என்று முகம் கழுவிக்கொண்டேன்.

இருபது கையெழுத்து

மறுநாள் மன்றப் பிரிவு எழுத்தரைப் பார்த்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிறவர். ஆனால் விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பது மட்டும் அவருக்கு மறக்காது.

"தீர்மானம் போட்டு மூணு மாசம் ஆவலைன்னா, ரத்து பண்றது கஷ்டம்ங்க மேடம். உறுப்பினருங்கள்ல பாதிப் பேராவது எழுதிக் கேக்கணும். தனியாக் கூட்டம் போடணும். அதுலயும் பாதிப் பேர் கை தூக்கணும். நம்ம மன்றத்துல முப்பத்தொம்பது உறுப்பினருங்க, பாதின்னா இருபது பேர்."

"டெண்டர் எப்போ பிரிக்கறாங்க?"

"இன்னும் இருபது நாள் இருக்கு. அதுக்கு அப்புறம் கேட்டா பிரயோஜனம் இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லைங்க" என்றார். பயமுறுத்துகிறாரா, தைரியம் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

காலையில் யாழினிக்கு ஊட்டி முடித்ததும் அவளைத் தூக்கிக்கொண்டே ஒவ்வொரு உறுப்பினர் வீடாகப் போனேன். ரத்து கேட்கும் தாளில் சிலர் உடனே கையெழுத்துப் போட்டார்கள். சிலர், "பௌர்ணமிக்கு வண்டியெல்லாம் எங்கம்மா நிக்கும்? போன தடவை ஆம்புலன்ஸ் போக வழியில்லை" என்றார்கள். அது உண்மையான கேள்வி. அதற்கு என்னிடம் பாதி பதில்தான் இருந்தது. பன்னிரண்டு நாளில் பதினாறு கையெழுத்து. அதற்குமேல் நகரவில்லை.

பாதிக்கு மேல் பெண்கள் இருக்கும் மன்றம் எங்களுடையது. ஆனால் பல வீடுகளில் பெண் உறுப்பினரைப் பார்க்கவே முடியவில்லை. கணவர் வந்து உட்காருவார். "தாளை வச்சிட்டுப் போங்க, பாத்துக்கறேன்" என்பார். வைத்துவிட்டு வந்த தாள் எதுவும் திரும்பவில்லை.

ரேவதி அக்கா வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. மன்றத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. இரண்டு வருடத்தில் அவர் கூட்டத்தில் பேசி நான் கேட்டதே இல்லை.

"அவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் அவர் கணவர். "வச்சிட்டுப் போங்க."

எழுந்திருக்கப் போனேன். பதினாறு என்ற எண் கண்முன் வந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?"

தண்ணீரோடு ரேவதி அக்கா வந்தார். செம்பை வாங்கும்போதே கேட்டுவிட்டேன். "அக்கா, போன கூட்டத்துல நாற்பத்தேழாம் பொருள்னு ஒண்ணு பாஸ் பண்ணோமே, ஞாபகம் இருக்கா?"

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லம்மா. நீ தட்டுன. நானும் தட்டுனேன்."

"நான் படிக்காமத்தான் தட்டுனேன்கா."

ரேவதி அக்கா சிரித்துவிட்டார். "நீ பென்சிலோட வருவியே, நீ தட்டுனா சரியாத்தான் இருக்கும்னு இல்ல நான் தட்டிகினு இருந்தேன்!"

அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "அப்ப என் வார்டுலயும் இந்த மாதிரி எதையாவது தட்டிவுட்டிருப்பேனா?"

"தெரியலக்கா. பழைய பட்டியலைப் பார்த்தாதான் தெரியும்."

"அந்தத் தாளைக் குடு." விரலை வரிக்கு வரி நகர்த்தி மெதுவாகப் படித்தார். யாழினி அவர் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் பேனா கேட்டார்.

"இரு, நான் படிச்சிப் பாக்கறேன்" என்றார் கணவர்.

"நான் படிச்சிட்டேன்."

"சீல் என்கிட்ட இருக்கு ரேவதி."

"வச்சிக்கோங்க. கையெழுத்துதான் கேக்கறாங்க."

மறுநாளிலிருந்து அவரும் என்னோடு வந்தார். கணவர்களைத் தாண்டி நேரே சமையலறைக்குள் போகும் வழி எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. "இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே போய்விடுவார். நான்கு நாளில் இருபத்தொரு கையெழுத்து ஆனது.

கை தூக்கிய கூட்டம்

தனிக் கூட்டம் காலை பதினொரு மணிக்கு. ஒரே ஒரு பொருள். தலைவர் அதைப் படிக்கச் சொல்லும் முன்பே ஒருவர் சத்தமாகக் கேட்டார். "அன்னிக்குத் தட்டும்போது தூக்கமாம்மா?"

சிரிப்பு எழுந்தது. என் கையில் இருந்த தாளை மேசையில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"தூங்கலீங்கண்ணா. படிக்காம தட்டினேன். தப்பு என்னுதுதான். அதுக்கு அந்தப் பிள்ளைங்க இன்னும் பத்து வருஷம் ஷீட்டுக்குக் கீழ உக்காரணுமா?"

பிறகு வண்டிகளைப் பற்றிப் பேசினார்கள். ஒரு மணி நேரம் பேசினோம். எங்கள் மன்றத்தில் ஒரு பொருளுக்கு ஒரு மணி நேரம் நான் பார்த்ததில்லை. மரத்துக்குப் பின்பக்கம் அங்கன்வாடிக்கு, முன்பக்கம் பௌர்ணமி அன்று மட்டும் இருசக்கர வண்டிகளுக்கு, நடுவில் சுவர் என்று முடிவானது. முழு இடமும் கேட்டுத்தான் போயிருந்தேன். விட்டுக்கொடுத்தது சரியா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியில்லை.

தலைவர் கை தூக்கச் சொன்னார். எழுத்தர் இரண்டு தடவை எண்ணினார். இருபத்திரண்டு. கையெழுத்துப் போட மறுத்த ஒருவரும் தூக்கியிருந்தார். பழைய தீர்மானம் ரத்தானது.

அன்று மாலையே நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கப் போனேன். 'வார்டு உறுப்பினரின் கோரிக்கையின்பேரில் ரத்து செய்யப்படுகிறது' என்று எழுதியிருந்தார் எழுத்தர்.

"காரணம் எழுதலையே சார்."

"அதெல்லாம் வேணாம்ங்க மேடம். வழக்கமில்லை."

"கூட்டத்துல சொன்னேன் இல்லையா? எழுதுங்க. பொருளைப் படிக்காம சம்மதிச்சிட்டேன்னு."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அடுத்த எலெக்‌ஷன்ல இதையே போஸ்டர் அடிச்சி ஒட்டுவாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. நாற்காலியில் இருந்து எழுந்து, கதவு வரை போய், திரும்பி வந்தேன். குழாயடியில் சொன்னதை ஆபீஸ் தாளில் சொல்லாமல் விட்டால், தெருவுக்கு ஒரு பேச்சு, ஆபீசுக்கு ஒரு பேச்சு என்றாகிவிடும்.

"எழுதுங்க சார்."

எழுதினார். நான் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

தெருவில்

நகலை வாங்கிக்கொண்டு மறுநாள் அங்கன்வாடி விடும் நேரத்துக்குப் போனேன். அம்மாக்கள் எல்லோரும் சாக்கடையைத் தாண்டப் போட்ட பலகைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். தெய்வானை அக்கா பேரனைக் கூட்டிப்போக வந்திருந்தார். லாட்ஜ் வேலை முடிந்து நேரே வந்ததால் ப்ளீச்சிங் பவுடர் வாடை அடித்தது.

"மாத்திட்டேன்கா. பாதி இடம்தான்."

"இன்னா எழுதியிருக்கு? படி."

படித்தேன். அந்த வரி வந்தது. 'வார்டு உறுப்பினர் பொருளைப் படித்துப் பார்க்காமல் ஒப்புதல் அளித்துவிட்டதாகத் தெரிவித்ததன்பேரில்.' என் குரல் அங்கே கொஞ்சம் இறங்கியது.

"இதையெல்லாம் எதுக்குக்கா எழுத வச்ச?" என்றாள் ஒருத்தி.

தெய்வானை அக்கா அதற்குள் குறுக்கிட்டு என்னிடம் கேட்டார். "அந்தப் பட்டியல் உனக்கு எப்ப வரும்?"

"கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்."

"வந்தவுடனே குழாயாண்ட எடுத்துகினு வா. மொத்தத்தையும் படி. நாங்க கேக்கறோம்."

"ஐம்பது பொருள் இருக்கும்கா. பாதி ஒண்ணும் புரியாது. மோட்டார், குழாய், ஒப்பந்தம்னு..."

"மோட்டாரு எங்களுக்குப் புரியாதா? தண்ணி புடிக்கறது நீயா நாங்களா? படி. புள்ளைய நான் வச்சிக்கறேன்."

அடுத்த மாதம் உறை வந்தது. நாற்பத்துநான்கு பொருள். குழாயடியில் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். யாழினி தெய்வானை அக்கா இடுப்பில் ஏறி அவர் மூக்குத்தியை நோண்டிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு என்று படித்துக்கொண்டே போனேன். ஒன்பதாவது பொருளில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. புது மோட்டாருன்றியே, எந்தத் தெருவுக்குன்னு போட்டிருக்கா?"

மறுபடி பார்த்தேன். போடவில்லை. பென்சிலால் கோடு போட்டேன்.